ஆள் இல்லையாம்!

தோட்டங்களில் ஆள் இல்லையாம்! கொழும்பு மாநகரில் கூடுகின்ற பெருந்தோட்டக் கம்பனிகளின் கூட்டங்களில் ஆண்டுதோறும் கேட்கும் ஒப்பாரி இது. கொழுந்து எடுக்க ஆள் இல்லை. கவ்வாத்து வெட்ட ஆள் இல்லை. ஆகையால் மலைகள் காடேறுகின்றன, கொழுந்து முற்றிப்போகிறது, இலாபம் குறைகிறது என்கிறார்கள். காரணம் என்னவென்று கேட்டால், இளைய தலைமுறைக்கு உடல் வணங்கவில்லை, நகரத்து மோகம் தலைக்கேறிவிட்டது என்று விடையும் ஆயத்தமாக இருக்கிறது.

மலைகள் காடேறுவது மெய்தான். பதுளையிலிருந்து பசறைக்கோ, அங்கிருந்து லுணுகலைக்கோ மடுல்சீமைக்கோ பஸ்ஸில் போகிற எவரும் அதைக் காணலாம். முன்னே கத்தரித்து விரித்த பச்சைப் பாய்போலக் கிடந்த சரிவுகளில் இன்று தேயிலைச் செடி ஆளுயரம் வளர்ந்து மரமாகி நிற்கிறது. ஆனால் அதே சரிவின் அடியில் லயங்கள் இருக்கின்றன. லயங்களில் மனிதர் இருக்கின்றனர். விடியற்காலை முதற் பஸ்ஸில் இளைஞரும் இளம்பெண்களும் ஏறி எங்கெங்கோ வேலைக்குப் போகின்றனர். ஆள் இல்லை என்பது ஒன்று. ஆள் வர மறுக்கிறார் என்பது வேறொன்று. முன்னது இயற்கையின் குறை. பின்னது யாரோ செய்த வினையின் பயன். கம்பனியார் பின்னதை முன்னதாகக் காட்டுகிறார்கள்.

1992 ஆம் ஆண்டில் அரசு தன் தோட்டங்களின் நிர்வாகத்தைத் தனியார் கம்பனிகளிடம் ஒப்படைத்தபோது, அவற்றில் பதிவுபெற்று உழைத்தவர்கள் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். இன்று அத்தொகை அதன் பாதியைக்கூட எட்டவில்லை. ஒரு தலைமுறைக் காலத்துக்குள் பாதிக்கு மேற்பட்டோர் நீங்கிவிட்ட தொழில் உலகத்தில் எதுவாயிருப்பினும், அதன் முதலாளி தன்னைத்தானே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டிருக்கமாட்டானா? நம் கம்பனியார் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டுக்கொள்ளாததற்கு ஒரு சரித்திரக் காரணம் உண்டு என்பதே என் எண்ணம்.

நான் ஊவாத் தோட்டம் ஒன்றின் லயத்தில் பிறந்தவன். என் தாயும் தாயைப் பெற்றவளும் கூடை சுமந்தவர்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தே என் உத்தியோக காலம் முழுவதும் கழிந்தது. இந்த மக்கள் எப்படி வந்தார்கள் என்பதைக் கிழவிகளின் வாயாலும், எப்படிப் போகிறார்கள் என்பதை என் கண்ணாலும் அறிந்தவன். நான் கண்ட உண்மை இதுதான்: மனிதரைத் தங்கவைக்கும் வித்தையை இந்தத் தோட்டங்கள் ஒருநாளும் கற்கவில்லை. கற்கவேண்டிய தேவையே அவற்றுக்கு ஏற்படவில்லை. ஏனெனில் அவற்றின் கையில் பூட்டுக்கள் இருந்தன.

முதற் பூட்டு கடன். இராமநாதபுரத்திலும் புதுக்கோட்டையிலும் திருச்சியிலும் சேலத்திலும் பஞ்சத்தில் வாடிய குடும்பங்களுக்குப் பெரிய கங்காணி முற்பணம் கொடுத்தான். வழிச்செலவு, அரிசி, கம்பளி எல்லாம் அந்தக் கணக்கில் ஏறின. கப்பலேறுமுன்பே கடனாளியாகிவிட்ட மனிதன், மன்னார்க் கரையில் இறங்கிக் காடும் மலையும் நடந்து தோட்டத்தை அடைந்தபோது, அவன் உழைப்பு முன்கூட்டியே விற்கப்பட்டிருந்தது. பதுளைக்கு ரயில் வந்ததே 1924 இல்தான். அதற்கு முன் ஊவாவுக்கு வந்தவர்களின் கால்கள் பட்ட பாட்டை யார் எழுதி வைத்தார்கள்?

இரண்டாவது பூட்டு சட்டம். 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, முன்னறிவித்தல் இல்லாமல் வேலையை விட்டு நீங்குவது குற்றமாகும். சம்பளத் தகராறு அன்று, குற்றம்! வேலை பிடிக்காமல் போனவனை நீதவான் முன் நிறுத்தி, அபராதமும் கடூழியச் சிறையும் விதிக்கலாம். மாதக்கணக்கில் சம்பளம் கொடாத துரையும் நீதிமன்றத்துக்கு இழுக்கப்படலாம் என்று ஏட்டில் இருந்தது உண்மையே. ஆனால் நீதவானும் துரையும் ஒரே சங்கக் கட்டடத்தில் மாலைப் பொழுதைக் கழித்த நாட்டில் அந்த ஏட்டுக்கு என்ன வலிமை இருந்திருக்கும்?

மூன்றாவது பூட்டுக்குத் தமிழிலேயே பெயர் வழங்கிற்று. துண்டு! ஆங்கிலத் துரைமாரும் அந்தத் தமிழ்ச் சொல்லையே தங்கள் மொழியில் சேர்த்துக்கொண்டார்கள். இந்தக் கங்காணியின் ஆட்கள் இவ்வளவு பேர், இவர்கள் கடன் இவ்வளவு, இதனைக் கட்டுகிறவர் இவர்களை அழைத்துக்கொள்ளலாம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சிறு காகிதம் அது. அந்தக் காகிதம் இல்லாதவனை வேறு தோட்டம் ஏற்காது. துண்டு கைமாறும்போது கடனும் கைமாறும். கடனோடு மனிதனும் கைமாறுவான். சந்தையில் மாட்டை மாற்றுகிறவர்கள்கூட மாட்டின் பல்லைப் பார்ப்பார்கள். இங்கே கடன் தொகையைப் பார்த்தார்கள்.

துண்டு முறை 1921 இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதே 1921 இல், மே மாதத்தில், வங்கத்தையடுத்த சர்கோலாப் பள்ளத்தாக்கின் தேயிலைத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தொழிலாளர் ஊருக்குத் திரும்புவோம் என்று கூட்டங்கூட்டமாய் வெளியேறினார்கள். சாந்த்பூர் ரயில் நிலையத்தில் அவர்கள்மீது கூர்க்காப் படையினரை ஏவினார்கள். அந்தக் கூட்டத்தைக் கொள்ளைநோயும் வாரிக்கொண்டு போயிற்று. வேலையை விட்டு நடப்பதே தேயிலை நாட்டில் இராசத்துரோகமாய்க் கருதப்பட்ட காலம் அது.

துண்டு போனபின்னும் இரண்டு பூட்டுக்கள் எஞ்சின. ஒன்று குடியுரிமை. 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் எழுவர் பாராளுமன்றம் சென்றனர். பதுளையிலிருந்து சென்றவரும் அவர்களில் ஒருவர். மறு ஆண்டிலேயே, 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர் ஆக்கியது. அடுத்து வாக்குரிமையும் போயிற்று. 1964 இல் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு போட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் பாதியாய்ப் பிரித்தார்கள். நாடற்ற மனிதன் தோட்டத்தை விட்டு எங்கே போவான்? அரசாங்க உத்தியோகம் அவனுக்கில்லை. அரசாங்கக் காணி அவனுக்கில்லை. தோட்டத்துச் செக்றோல் புத்தகம் ஒன்றில்தான் அவன் பெயர் இருந்தது. அந்தப் பூட்டு முற்றாகத் திறக்கப்பட்டது 2003 ஆம் ஆண்டில்தான்.

மற்றப் பூட்டு இன்றும் தொங்குகிறது. அதுதான் லயக் காம்பரா. தலைமுறை தலைமுறையாய்ப் பிறந்து வளர்ந்து மடிந்தாலும், அந்தக் காம்பரா குடியிருப்பவனுக்குச் சொந்தமன்று. வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் பதிந்திருக்க வேண்டும் என்பது எழுதியும் எழுதாமலும் வழங்கும் விதி. மகன் கொழும்பில் இருப்பான். மகள் தையல் தொழிற்சாலையில் இருப்பாள். மருமகள் மட்டும் கூடையைக் கட்டிக்கொண்டு மலையேறுவாள். வீட்டுக்கு ஒருவர் பிணை!

அந்தக் காம்பராவாவது காப்பான இடமா? கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை இறங்கி வந்து லயங்களை மூடியது. அந்த இடம் குடியிருக்கத் தகாதது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை அலுவலகங்களில் தங்கிவிட்டது; மக்கள் லயத்தில் தங்கிவிட்டார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வாப் புயல் பதுளை மாவட்டத்து மலைகளை மீண்டும் பிளந்தபோது, அதே அச்சம் எத்தனையோ லயங்களில் இரவெல்லாம் விழித்திருந்தது.

இத்தனையும் எதற்காகச் சொல்கிறேன்? நூற்றைம்பது ஆண்டுகளாகக் கடனாலும் சிறையாலும் காகிதத்தாலும் கூரையாலும் ஆளைக் கட்டிவைத்த ஒரு தொழில், ஆள் ஏன் இருக்கிறான் என்று எண்ணிப் பார்த்ததில்லை. ஆகவே ஆள் ஏன் போகிறான் என்பதும் அதற்கு விளங்கவில்லை. பூட்டுக்கள் ஒவ்வொன்றாய்க் கழன்றன. கழன்றவுடன் கதவருகில் நின்றவர்கள் போனார்கள். உள்ளேயிருப்பவர்களும் கதவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

சம்பளம் போதாமையே காரணம் என்பர் பலர். அதைச் சிறிதாக்க நான் விரும்பவில்லை. நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயாக வேண்டும் என்ற கோரிக்கை 2015 இல் எழுந்தது. 2016 இல் அடிப்படைச் சம்பளம் 500 ரூபாயாயிற்று. 2019 இல் 700 ஆயிற்று. ஆயிரம் என்பது 2021 இல் சம்பள நிர்ணய சபையின் மூலமாகத்தான் வந்தது. அதையும் எதிர்த்துக் கம்பனிகள் நீதிமன்றப் படியேறின. அடுத்த ஆண்டிலேயே நாடு வங்குரோத்தாகி, ஒரு டொலரின் விலை 200 ரூபாயிலிருந்து சில வாரங்களில் 360 வரை ஏறியது. கேட்டபோது இருந்த ஆயிரம் வேறு. கிடைத்தபோது இருந்த ஆயிரம் வேறு. 2024 மே தினத்தன்று கொட்டகலையில் 1,700 என்று அறிவித்தார்கள். மீண்டும் நீதிமன்றம்; மீண்டும் தடை. செப்டெம்பரில் 1,350 என்று முடிந்தது. 2025 நவம்பரில் வாசித்த வரவு செலவுத் திட்டம் அதை 1,750 ஆக்க முன்மொழிந்தது. அதில் 200 ரூபாயை அரசாங்கமே கொடுக்குமாம். தன் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலியில் ஒரு பங்கைப் பொதுமக்களின் வரிப்பணத்திலிருந்து எதிர்பார்க்கும் முதலாளி, ஆள் நிற்கவில்லையே என்று வியப்பது ஏன்?

கம்பனியார் பக்கத்திலும் நியாயம் உண்டு என்பதை மறைக்கவேண்டியதில்லை. தேயிலையின் விலை கொழும்பு ஏலத்தில் ஏறி இறங்குவது. அது அவர்கள் கையில் இல்லை. உற்பத்திச் செலவில் கூலியே பெரும்பங்கு. 2021 இல் இரசாயன உரத்தை ஒரே நாளில் தடைசெய்த அரசாங்கத்தின் செயல் விளைச்சலை வீழ்த்தியது. இவை மெய். ஆனால் இதே நாட்டின் தேயிலையில் ஏறக்குறைய முக்காற் பங்கைச் சிறு தோட்ட உடைமையாளர்கள் விளைவிக்கிறார்கள். அவர்களுக்கும் அதே மழை, அதே உரம், அதே ஏலம். அவர்களிடம் ஆள் போகிறது. கம்பனியிடமிருந்து ஆள் போகிறது! இரண்டு "போகிறது"க்கும் இடையிலுள்ள தூரத்தை அளக்க, எனக்குத் தெரிந்த ஒருத்தியின் கதையைச் சொல்கிறேன்.

அவள் என் அக்காள். பதினெட்டு வயதில் பெயர் பதிந்து, முப்பத்து மூன்று ஆண்டுகள் ஒரே தோட்டத்தில் கொழுந்து எடுத்தவள். தோட்டத்தின் பெயர் இங்கே வேண்டாம். எந்தப் பெயரைப் போட்டாலும் பொருந்தும்.

ஊவாவின் தேயிலைக்கு ஒரு தனி மணம் உண்டு. ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரையில் மலையைத் தாண்டி வீசும் வறண்ட காற்றுத்தான் அந்த மணத்தைத் தருகிறது. செடி நீரின்றி வாடும்போது இலையில் அந்தச் சாரம் ஊறுகிறது என்கிறார்கள் அறிந்தவர்கள். உலகச் சந்தையில் அந்தப் பருவத்துத் தேயிலைக்குத் தனி மதிப்பு. ஆனால் செடி வாடினால் கொழுந்தும் குறையும். கொழுந்து குறைந்தாலும் ஒரு நாளுக்கு இத்தனை கிலோ என்ற கணக்குக் குறையாது. தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் "பேர்" என்பார்கள். கணக்கு நிறைந்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். மனிதரின் பெயரையே பாதியாய் வெட்டும் வழக்கு வேறெங்கும் உண்டோ அறியேன். மணம் கம்பனிக்கு, அரைப்பேர் கொழுந்துக்காரிக்கு. இதுவே எங்கள் பருவகாலத்தின் பங்கீடு.

2022 ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள். அன்று 18 கிலோ கேட்டிருந்தார்கள். காற்றில் முகம் காய்ந்து, உதடு வெடித்து, மாலையில் மடுவத்துக்கு வந்த அக்காளின் கொழுந்து தராசில் 19 கிலோ நின்றதாம். சாக்குக்கும் தண்ணீருக்கும் என்று இரண்டு கிலோவைக் கழித்தார்கள். பதினேழு. அரைப்பேர்.

"மழையே இல்லியேய்யா, எந்தத் தண்ணிக்குக் கழிக்கிறீங்க?" என்று கேட்டிருக்கிறாள்.

எழுதிக்கொண்டிருந்தவன் அவளுடைய மகனைவிட இளையவன். தலை நிமிராமலே சொன்னானாம்: "இஷ்டம்னா செய்யி, இல்லாட்டிப் போடி."

அக்காள் கூடையை இறக்கி வைத்தாள். படங்கை அவிழ்த்து அதன்மேல் மடித்து வைத்தாள். அப்புறம் போய்விட்டாள்.

அன்றிரவு அவள் என் வீட்டுக்கு வந்திருந்தபோது நான் சமாதானம் சொன்னேன். ஓய்வுபெற இன்னும் சில ஆண்டுகள்தாமே இருக்கின்றன, துரையிடம் சொல்லித் தீர்க்கலாம், சங்கத்துத் தலைவரிடம் பேசலாம் என்றேன். அவள் சொன்ன மறுமொழி இன்றும் என் செவியில் இருக்கிறது.

"தம்பி, அரைப்பேருக்கு நான் அழுவல. அரைப்பேரு இன்னிக்கா வெட்டுறானுக? முப்பத்து மூணு வருசமா வெட்டுறானுக. எம்புள்ளக்கி எளையவன் என்னயப் 'போடி'ங்கிறான். சுத்தி நின்ன புள்ளங்க அத்தன பேரும் தலயக் குனிஞ்சிருச்சிங்க. அதுக்கு மேல அங்க என்னா இருக்கு?"

நான் பேசவில்லை. அந்தச் சொல்லை எண்ணிப் பார்த்தேன். போ! எங்கள் பாட்டன்மார் காலத்தில் தோட்டம் சொல்லாத சொல் அது. "போகாதே, போனால் சிறை" என்பதே அன்றைய சட்டம். அன்று போகவிடாமல் அடக்கிய அதே அகந்தை, இன்று போ என்று எடுத்தெறிகிறது. இவர்கள் போகமாட்டார்கள், போக இவர்களுக்கு இடமில்லை என்ற பழைய நம்பிக்கையே இரண்டுக்கும் அடியில் கிடக்கிறது. சொன்னவன் அறியாதது ஒன்றுதான்: இப்போது போகலாம்.

போனவளுக்குச் சட்டப்படி வரவேண்டிய பணிக்கொடை ஒன்று உண்டு. 1983 ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை அது: ஓராண்டு சேவைக்குப் பதினான்கு நாட்சம்பளம். முப்பத்து மூன்று ஆண்டுகளுக்கு 462 நாட்சம்பளம். முப்பது நாட்களுக்குள் கொடுக்கவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அக்காளின் கையில் அது சேர்ந்தபோது பதினான்கு மாதங்கள் கழிந்திருந்தன. இடையில் எத்தனை முறை ஆபீசுக்கு நடந்தாள் என்பதைக் கணக்கெடுக்க எந்தச் செக்றோலும் இல்லை. இதைப் பார்த்துக்கொண்டிருந்த லயத்துப் பெண்கள் என்ன பாடம் கற்றிருப்பார்கள்? நெடுநாள் இருந்தவளுக்கு இதுவே மரியாதையென்றால், நெடுநாள் இருப்பதில் என்ன பயன் என்பதைத்தானே? போகிறவரை நடத்தும் விதத்தில்தான் இருக்கிறவர் தம் நாளையைக் காண்கிறார்.

இப்போது அக்காள் எங்கே வேலை செய்கிறாள் தெரியுமா? கொழுந்துதான் எடுக்கிறாள்! தோட்ட எல்லைக்கு அப்பால், கிராமத்தில், ஒரு சிங்களப் பெண்மணியின் சிறு தேயிலைத் தோட்டத்தில். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. தராசின் முள்ளை இருவரும் சேர்ந்து பார்க்கிறார்கள். பத்து மணிக்குத் தேநீர் வருகிறது, தோட்டக்காரியே கொண்டுவருகிறாள். "அக்கே" என்று அழைக்கிறாளாம். முப்பத்து மூன்று ஆண்டுகளில் அவளை வேலையிடத்தில் ஒருவர் முறை வைத்து அழைத்தது இதுவே முதல் தடவை. அங்கே சேமலாப நிதி இல்லை; பிரசவச் சலுகை இல்லை; மழை பெய்தால் கூலியும் இல்லை. அதைச் சொர்க்கமென்று நான் சொல்லவில்லை. அதே கை, அதே கொழுந்து, அதே வெயில். ஒரு விளியும் ஒரு நேரான தராசும் மாத்திரம் வேறு. அந்த வேற்றுமைக்காக அவள் தன் சேமலாப நிதியையும் விட்டுப் போனாள் என்பதைக் கம்பனியார் எண்ணிப் பார்க்கவேண்டும்.

என் மாணவர்களும் இதையே வேறு சொற்களில் சொல்கிறார்கள். கொழும்புப் புறக்கோட்டையில் புடைவைக் கடையொன்றில் நிற்கும் ஒருவன் தீபாவளிக்கு வந்திருந்தான். காலை எட்டு மணிக்குத் திறந்தால் இரவு ஒன்பதுக்குத்தான் கடை அடைப்பு. மேல்மாடியில் மூட்டைகளுக்கு நடுவே படுக்கை. "இதற்கு நம் மலைக்காற்று மேலல்லவா?" என்று கேட்டேன். அவன் சிரித்தான்.

"அங்கயும் கஷ்டந்தான், மாஸ்டர். ஆனா மொதலாளி 'தம்பி, சாப்பிட்டியா'ன்னு கேக்குறாரு. இங்க பெரட்டுல எங்கப்பாவ 'டேய்'னு கூப்புட்டத நான் சின்னப்புள்ளயில நின்னு பாத்தேன். அந்த எடத்துல நான் போய் நிக்கமாட்டேன்."

இளைஞனின் உடல் வணங்கவில்லை என்பது பொய். பதின்மூன்று மணி நேரம் நிற்கிறான். முதுகு வளைய ஆயத்தமாகத்தான் இருக்கிறான். முதுகெலும்பை ஒடிக்க மாட்டேனென்கிறான். அவன் கடையிலும் சுரண்டல் உண்டு. முதலாளியின் ஒரு கனிவான சொல்லுக்குள் எத்தனை மணி நேரக் கூலி மறைந்துபோகிறது என்பதை அவனும் ஒருநாள் கணக்குப் பார்ப்பான். ஆயினும் தகப்பனை "டேய்" என்ற களத்துக்கு அவன் திரும்பமாட்டான்.

இருக்கிற இடத்தில் இருந்தே உரிமை கேட்ட காலமும் ஊவாவுக்கு உண்டு. 1940 இல் பதுளைக்கருகிலுள்ள வேவெஸ்ஸத் தோட்டத்துத் தொழிலாளர், சமசமாஜிகளின் துணையோடு வேலைநிறுத்தம் செய்தனர். தாங்கள் தேர்ந்தெடுத்த கமிட்டியொன்றைக் கலந்தே தோட்டத்தை நடத்தவேண்டும் என்று கோரினர். போலீசு வந்தது, அடக்குமுறை வந்தது. எனினும் அந்தக் கோரிக்கையின் பொருளை இன்று மீண்டும் படிக்கவேண்டும். சில சதம் கூட்டிக் கேட்டதோடு அவர்கள் நிற்கவில்லை. எங்களைக் கேட்டு நடத்து என்றார்கள். குரலுக்குச் செவி கிடைத்திருந்தால் கால்கள் நடந்திருக்குமா?

முதலாளித்துவத்தின் தாயகத்திலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். அமெரிக்காவில் ஹென்றி போர்டு என்னும் மோட்டார் முதலாளியின் தொழிற்சாலையில் 1913 ஆம் ஆண்டில் ஏறக்குறைய 14,000 பேர் வேலை செய்தனர். அந்த 14,000 இடங்களை நிரப்பி வைக்க அவ்வாண்டில் 52,000 பேருக்கு மேல் சேர்க்கவேண்டியிருந்தது! சேர்ந்தவன் சில வாரங்களில் ஓடினான். அவன் இடத்துக்கு வந்தவனும் ஓடினான். 1914 ஜனவரியில் போர்டு நாட்கூலியை ஐந்து டொலராக, ஏறக்குறைய இருமடங்காக, உயர்த்தினான். வேலை நேரத்தையும் எட்டு மணியாகக் குறைத்தான். ஓட்டம் நின்றது. அவன் தர்மவான் அல்லன். தொழிலாளியின் வீட்டுக்குள் உளவு பார்க்க ஆள் அனுப்பியவன், சங்கங்களின் பகைவன். ஆனால் கணக்குத் தெரிந்தவன். ஆள் போவதால் வரும் நட்டம், ஆளை வைத்திருக்கும் செலவைவிடப் பெரிது என்று அவன் கண்டுகொண்டான். நம் கம்பனியாருக்கு அந்தக் கணக்குக்கூட வரவில்லை. காடேறிய மலையின் நட்டத்தை ஏட்டில் எழுதுகிறார்கள். அதைக் காடேற்றிய சொல்லின் விலையை எழுதுவதில்லை.

அவர்கள் கண்டுபிடித்திருக்கும் மருந்து என்ன? தேயிலைச் செடிகளைக் குடும்பங்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்து, எடுத்த கொழுந்துக்கு மட்டும் விலை கொடுப்பது. நாட்சம்பளத்தை மெல்ல ஒழிப்பது. இதில் நன்மையும் இருக்கலாம். தன் பொறுப்பிலுள்ள செடியை மனிதன் அன்போடு பேணுவான்; கணக்கப்பிள்ளையின் வசவும் இராது. ஆனால் நிலத்தின் உறுதிப்பத்திரம் கம்பனியிடமும், வறட்சியின் பாரம் தொழிலாளியிடமும், சேமலாப நிதி ஒருவரிடமும் இல்லாமலும் போகுமானால், அது புதிய உடை தரித்த பழைய துண்டு. நிலத்தைக் கொடுக்கிறவர்கள் நிலமாகவே கொடுக்கட்டும்.

வெளியேற்றத்தை வெற்றியென்று கொண்டாடவும் எனக்கு மனம் வரவில்லை. போகிறவர் ஒவ்வொருவராய்ப் போகிறார். ஒருவருடைய துன்பம் தீர்கிறது. மலையின் துன்பம் அப்படியே இருக்கிறது. துடிப்பும் கல்வியும் உள்ளவர்களே முதலில் போகிறார்கள். சங்கக் கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்கக்கூடியவன் புறக்கோட்டையில் துணி மடிக்கிறான். எஞ்சியிருப்பவர்கள் மூட்டுவலியோடு மலையேறும் நடுவயதுப் பெண்கள். இஸ்தோப்பில் பேரப்பிள்ளைகளைக் காத்துக்கொண்டிருக்கும் முதியவர்கள். அவர்களுடைய குரல் மேலும் மெலிகிறது. மெலியமெலிய நடத்தையும் கெடுகிறது. கெடக்கெட இன்னொருவர் போகிறார். இந்தச் சுழலில் தோட்டமும் அழியும். நூற்றைம்பது ஆண்டுகளாய் இந்நாட்டுக்குச் சோறு போட்ட ஒரு சமுதாயமும் கூலிச் சந்தைகளில் சிதறிக் கரையும். முன்னதைப் பற்றி மட்டுமே பத்திரிகைகள் கவலைப்படுகின்றன.

தங்கவைக்க என்ன வேண்டும் என்று கம்பனியார் உண்மையாகவே கேட்பாராகில், விடை கடினமானதன்று. வாழத்தக்க சம்பளத்தை நீதிமன்றப் படியேறாமல் கொடுங்கள். இருவர் கண்ணும் காணும் தராசை வையுங்கள். மழையில்லா நாளில் தண்ணீருக்குக் கழிக்காதீர்கள். காலை முதல் மாலை வரை மலையில் நிற்கும் பெண்ணுக்கு ஒதுங்க ஓர் இடம் கட்டுங்கள். வேலையோடு வீட்டை முடிச்சுப்போடுவதை விட்டு, காணியும் வீடும் உறுதிப்பத்திரத்தோடு அவர்களுடையதாகச் செய்யுங்கள். போகிறவருக்குச் சேரவேண்டியதை முப்பது நாளில் எண்ணிக் கொடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மனிதரை மனிதருக்குரிய முறையில் அழையுங்கள். இதற்கு ஒரு சதமும் செலவில்லை. எனினும் இந்தப் பட்டியலில் மிக அரிதாய்க் கிடைப்பது இதுவே.

வீடு சொந்தமானால் எல்லோரும் வேலையை விட்டு ஓடிவிடுவார்களே என்று ஒரு துரை ஒருமுறை என்னிடம் சொன்னார். அவருடைய அச்சம் உண்மையானது. அந்த அச்சத்திலேயே முழு வழக்கும் அடங்கியிருக்கிறது. கூரையை எடுத்துவிடுவேன் என்ற பயம் இல்லாவிட்டால் ஒருவரும் நில்லார் என்று தாமே நம்புகிற ஒரு வேலையை, அவர் ஏன் மாற்ற முயலவில்லை? போக இடமும் இருக்கக் கூரையும் உள்ளவர்கள் தாமாக விரும்பிக் காலையில் கூடை கட்டிக்கொண்டு வருவார்களாயின், அன்று அந்தத் தோட்டம் ஆளைத் தங்கவைக்கக் கற்றுக்கொண்டது என்று சொல்லலாம். அதுவரை, ஆள் இல்லை என்று அவர்கள் எழுதும் அறிக்கைகளில் ஒரு சொல்லைத் திருத்திப் படிப்போம்: ஆளென்று மதிக்க அங்கே யாருமில்லை.